டைனோசரை வைத்துத் தகவல் வாசிக்கப் பழக்குவது எப்படி?

தரம் 3, 4 படிக்கிற பிள்ளைகள் கதையென்றால் கடகடவென்று வாசித்துவிடுவார்கள். தகவல் பாடத்தை நீட்டினால் இரண்டாம் வரியிலேயே கவனம் போய்விடும். அவர்களை இழுத்துப் பிடிக்க டைனோசரை விட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை. ஒரு கொப்பி, பென்சில், நீளமான கயிறு போதும்.

படி 1. வாசிக்கக் கொடுக்கும் முன் பேசவிடுங்கள். கொப்பியில் மூன்று நிரல்கள்: தெரிந்தது, தெரிய வேண்டியது, வாசித்துக் கண்டது. "மனுசங்க டைனோசரை வேட்டையாடினாங்க" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அப்படியே முதல் நிரலில் எழுதுங்கள். இப்போது திருத்த வேண்டாம், வாசிப்பே திருத்தட்டும்.

படி 2. சின்னப் பந்தி ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இதையே எடுத்துக்கொள்ளலாம்:

"டைனோசர்கள் சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோப் பகுதியில் ஒரு பெரிய விண்கல் மோதியது. பறவைகளைத் தவிர மற்ற டைனோசர்கள் அப்போது அழிந்தன. டைரனோசரஸ் ரெக்ஸ் ஏறக்குறைய 40 அடி நீளமானது. மனிதர் தோன்றிச் சுமார் 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன."

படி 3. இதில்தான் அவசரப்படக் கூடாது. முதலில் நீங்கள் வாசியுங்கள், அப்புறம் பிள்ளை வாசிக்கட்டும். பிறகு கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் "எந்த வரியில இருக்கு?" என்று கேளுங்கள், பிள்ளை அந்த வரியில் விரலை வைக்க வேண்டும்.

"ரெக்ஸ் எவ்வளவு நீளம்?" ஒரே வரியில் கிடைக்கும். "மனுசங்க ரெக்ஸைப் பார்த்திருப்பாங்களா?" இதற்கு இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்து யோசிக்க வேண்டும். வேட்டைக் கதை சொன்ன பிள்ளை தானாகவே முதல் நிரலுக்குப் போய்த் திருத்தும். "ரெக்ஸ் என்ன நிறம்?" பந்தியில் இல்லை. "இதில் சொல்லவில்லை" என்பதும் சரியான பதில்தான். அப்படிச் சொல்லும் பிள்ளையை மனந்திறந்து பாராட்டுங்கள். ஊகிக்காமல் வாசிக்கிறது என்று அர்த்தம்.

படி 4. 40 அடிக் கயிற்றைத் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) வாசலில் நீட்டுங்கள். ஒரு காம்பராவின் (லயத்து வீட்டு அறையின்) முகப்பு பத்தடி என்றால் நாலு காம்பரா நீளம்.

படி 5. "நம்ம மலையில டைனோசர் இருந்துச்சா?" என்று கேட்பார்கள். இலங்கை மலையகப் பாறைகள் பெரும்பாலும் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை, டைனோசர்களுக்கு முந்தியவை. பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியவை. எலும்புப் படிமங்களோ மணலும் சேறும் படிந்து இறுகிய பாறைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதனால் நம்ம மலைப் பாறையில் டைனோசர் எலும்பை எதிர்பார்க்க முடியாது. புத்தளம் மாவட்டத்துத் தப்போவையில் டைனோசர் காலத்துச் செடிகளின் படிமங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் நர்மதை ஆற்றுப் பக்கம் கிடைத்த ராஜசோரஸ் என்ற டைனோசருக்கு 2003இல் பெயர் வைத்தார்கள். டைனோசர் காலத்தின் பெரும்பகுதியில் இலங்கையும் இந்தியாவும் ஒட்டியே இருந்தன, அதனால் இங்கேயும் டைனோசர்கள் இருந்திருக்கலாம்.

பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டவும் ஒன்று உண்டு. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் நிற்கும், மரம்போல் உயரும் மரப்பன்னங்களின் மூதாதைகள் டைனோசர் காலத்திலேயே இருந்தவை.

படி 6. மூன்றாம் நிரலைப் பிள்ளையே நிரப்பட்டும். பதில் கிடைக்காத கேள்விகளை அடிக்கோடிட்டு வைத்து, அடுத்த பந்தியை அவற்றிலிருந்து எழுதுங்கள். கோழியும் டைனோசரும் எப்படி உறவு என்பது நல்ல தொடக்கம்.