அக்னிவீர்: விண்ணப்பிக்கும் முன் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது எப்படி?

எங்கள் தேனிப் பக்கம் ஒரு தெருவுக்கு ஒரு வீட்டிலாவது மிலிட்டரிக்குப் போனவர் இருப்பார். என் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே அதுதான் ஆசை. 2024இல் அக்னிவீர் (ராணுவத்தில் நான்கு வருடப் பணி) எழுத்துத் தேர்வில் தேறினான். ஆனால் செலக்சனில் (ஆள்சேர்ப்பு முகாமில்) சான்றிதழ் சரிபார்ப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டத்திலோ உடம்பிலோ குறை இல்லை. விண்ணப்பத்தில் பிரிவைத் தப்பாகப் போட்டிருந்தோம். 2025இல் சரியாகப் போட்டோம், இப்போது டெக்னிக்கலில் தேர்வாகிப் பயிற்சியில் இருக்கிறான். அந்த ஒரு வருடம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆதார், டிஜிலாக்கர், மின்னஞ்சல் எல்லாம் தயாராக வைத்திருப்பீர்கள் என்று நினைத்து நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நம் கையில் எது இருக்கிறது, எது இல்லை

தரைப்படையில் நாம் தேர்ந்தெடுப்பது பிரிவை மட்டும்தான்: ஜெனரல் டியூட்டி (ஜிடி), டெக்னிக்கல், கிளார்க்/ஸ்டோர் கீப்பர், டிரேட்ஸ்மேன். சிக்னல்ஸா (தகவல் தொடர்பு), இஎம்இயா (இயந்திரப் பராமரிப்பு), வெலிங்டனில் மையம் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டா என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும். "எனக்கு வெலிங்டன்தான் வேண்டும்" என்று ஜிடி போடுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சம்பளத்தை வைத்தும் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எல்லா அக்னிவீருக்கும் ஒரே தொகுப்பூதியம்தான். முதல் வருடம் மாதம் 30,000, நான்காம் வருடம் 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிப்பார்கள். அரசும் அதே அளவு போட்டு, வட்டியோடு நான்கு வருட முடிவில் சுமார் 11.71 லட்சம் கைக்கு வரும். நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான். அதனால் நான்கு வருடம் கழித்து வெளியே வந்தால் எந்த வேலை கைகொடுக்கும் என்று யோசித்துப் பிரிவைப் பாருங்கள்.

படி 2: உயரம்

காலையில், செருப்பில்லாமல், சுவரில் குதிகால் ஒட்டி நின்று அளக்கவும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஜிடிக்கு 166 செ.மீ., டெக்னிக்கலுக்கு 165, கிளார்க்குக்கு 162. நீங்கள் 163 என்றால் ஜிடியும் டெக்னிக்கலும் கிடையாது. முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு.

படி 3: மார்க் ஷீட்டைப் பாடம் பாடமாகப் பார்ப்பது

நாங்கள் விழுந்தது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

தம்பியின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள்: தமிழ் 78, ஆங்கிலம் 64, கணிதம் 47, இயற்பியல் 58, வேதியியல் 61, கணினி அறிவியல் 82. மொத்தம் 600க்கு 390, அதாவது 65 சதவீதம். பிரவுசிங் சென்டரில் இருந்தவர் மொத்தத்தைப் பார்த்தார். "கிளார்க்குக்கு 60 போதும், தாராளமாகப் போடலாம்" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

கிளார்க்குக்கு மொத்தத்தில் 60 சதவீதம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் 50 வேண்டும். ஆங்கிலத்திலும், கணிதம் அல்லது கணக்குப்பதிவியலிலும் 50 இருப்பது கட்டாயம். செலக்சன் அன்று மேசையில் இருந்த ஹவில்தார் மார்க் ஷீட்டைத் திருப்பி வைத்து, கணிதம் 47 என்ற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வேறொன்றும் பேசவில்லை, அடுத்த பையனைக் கூப்பிட்டார். அந்த மார்க் ஷீட் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. வட்டத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மொத்தத்தை விடுங்கள். ஒரு தாளில் ஆறு பாடத்தையும் எழுதி, மிகக் குறைந்த மதிப்பெண்ணை வட்டமிடுங்கள். அப்புறம் இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள்:

ஜிடிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், பாடத்துக்கு 33. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 500க்கு 225 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்னிக்கலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். மொத்தம் 50 சதவீதம், பாடத்துக்கு 40. தம்பியின் 47 இங்கே செல்லும்! 2024இல் இதைப் போட்டிருந்தால் அன்று மதிப்பெண்ணுக்காக அவனைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்போடு ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கும் டெக்னிக்கலில் வழி உண்டு, ஆனால் எந்தெந்த டிரேடு என்று அறிவிப்பில் பட்டியல் இருக்கும்.

டிரேட்ஸ்மேனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பாடத்துக்கு 33. ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் இரண்டுக்கும் எட்டாம் வகுப்பு போதும். சமையலோ தையலோ உண்மையிலேயே கைவந்தவர்கள் தயங்காமல் இதைப் போடலாம்.

படி 4: இரண்டு பிரிவு

2024 வரை ஒரு பிரிவுக்குத்தான் விண்ணப்பிக்க முடிந்தது. 2025இலிருந்து தகுதி இருந்தால் இரண்டு பிரிவுக்குப் போடலாம். தம்பிக்கு டெக்னிக்கலும் ஜிடியும் போட்டோம். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: தகுதி இருந்தால் ஒரு இடத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள். வயது வரம்பு யாருக்காகவும் காத்திருக்காது.

கிளார்க் போடுகிறவர்கள் ஆங்கிலத் தட்டச்சும் பழக வேண்டும், தட்டச்சுத் தேர்வு இருக்கிறது. ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தால் அங்கேயே சேருங்கள். போன் ஆப் வைத்துப் பழகுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விரல் கீபோர்டில் பழக வேண்டும்.

படி 5: விண்ணப்பத்தை நீங்களே நிரப்புவது

ஜாயின் இந்தியன் ஆர்மி இணையதளத்தில் நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். போனைவிட லேப்டாப் மேல், வீட்டில் இல்லையென்றால் நண்பனிடம் வாங்குங்கள். மதிப்பெண்களை மூல மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், நினைவிலிருந்து வேண்டாம். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கணினியில் நடக்கும் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், 2025இலிருந்து 13 மொழிகளில் நடக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். ஓட்டம் 1.6 கி.மீ., 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று. 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண்.

எந்த ஆள்சேர்ப்பு அலுவலகம் என்பது மாவட்டத்தைப் பொறுத்தது. தேனி, மதுரை, திண்டுக்கல்லுக்குக் கோவை. ராமநாதபுரம், நெல்லை, தூத்துக்குடிக்குத் திருச்சி. மதுரைக்காரர்கள் பலர் தங்களுக்கும் திருச்சிதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பின்சேர்க்கை 1

பியூர் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் நிறையப் பேர் டெக்னிக்கல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட முடியாது, உங்களுக்குக் கணிதப் பாடம் இல்லை. கிளார்க்கிலும் கணிதம் அல்லது கணக்குப்பதிவியல் கேட்பதால் அதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு நர்ஸிங் அசிஸ்டென்ட் இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, மொத்தம் 50 சதவீதம், பாடத்துக்கு 40 இருந்தால் போதும். இன்னொரு விஷயம், இது அக்னிவீர் கணக்கில் வராது, வழக்கமான பணி. நான்கு வருடக் கெடு இல்லை. இப்படி ஒரு வழி இருப்பதைப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பயோ-மேத்ஸ் குரூப் என்றால் இதற்கும் டெக்னிக்கலுக்கும் இரண்டுக்குமே தகுதி உண்டு.

பின்சேர்க்கை 2

வணிகவியல் குரூப் தம்பி ஒருவர், கணக்குப்பதிவியலில் 71, தமிழில் 46 என்று எழுதியிருந்தார். கிளார்க் போட முடியாது தம்பி. ஒவ்வொரு பாடத்திலும் 50 என்றால் தமிழும் அதில் சேர்த்திதான். பத்தாம் வகுப்பில் 225க்கு மேல் இருந்தால் ஜிடி போடுங்கள். நாளைக் காலையே உயரத்தை அளந்துவிடுங்கள்.