கரு மூளை ஸ்கேன்: 10 மி.மீ. கோட்டில் சறுக்குபவர்களுக்கு

புதிதாகப் பழக வருபவர்கள் தொகுதிக்குத் தொகுதி இதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஜெல் போதவில்லை, டெப்த் சரியில்லை என்பதெல்லாம் தானே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

வென்ட்ரிக்கிளைச் சாய்த்து அளப்பது

இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் பக்கவாட்டு வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) ஏட்ரியம், அதாவது அதன் பின்பகுதியின் அகலம், சராசரியாக 7 மி.மீ. சுற்றியே நிற்கும். 10 மி.மீ. தொட்டால் வென்ட்ரிகுலோமெகலி, அதாவது அறை விரிவு. ஆண் கருக்களுக்குச் சராசரி ஒரு துளி கூடுதல் என்பதால் 10 முதல் 12 மி.மீ. வரையுள்ள லேசான விரிவில் ஆண்களே அதிகம் தென்படுகிறார்கள்.

அந்தத் துளியை விடக் காலிப்பர் (திரையில் அளக்க வைக்கும் குறி) பிழை பெரியது. 9 மி.மீ. அகலத்தை நீளவாட்டு அச்சுக்குச் செங்குத்தாக அல்லாமல் 30 பாகை சாய்த்து அளந்தால் 10.4 வரும். சுவர்க்கோட்டின் வெளி விளிம்பில் காலிப்பர் வைத்தால் இன்னும் ஏறும். கோராய்டு பிளெக்சஸின் (அறைக்குள் திரவம் சுரக்கும் திசு) தடித்த பகுதியான கிளோமஸ் மட்டத்தில், மூளையின் பின்புறமுள்ள பெரைட்டோ-ஆக்ஸிபிட்டல் பள்ளத்துக்கு நேரே, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்க வேண்டும். நடுக்கோடு இருபுற மண்டையோட்டுக்கும் சம தூரத்தில் இல்லையென்றால் தளமே தப்பு, காலிப்பரைத் தொடாதீர்கள். ப்ரோபுக்கு (வயிற்றில் வைக்கும் ஸ்கேன் முனை) அருகிலுள்ள பக்கம் எதிரொலியில் மங்கும், அதற்காக அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

ஒரு சாய்ந்த கோட்டுக்காக அந்தத் தாய் தொற்றுப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., சில வேளை பனிக்குட நீர்ச் சோதனை வரை அலைய வேண்டியிருக்கும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இதன் மறுபக்கமும் உண்டு. சரியாக அளந்தும் 10.5 வந்தால், "ஆண் குழந்தையாக இருக்கும், விடு" என்று ஒதுக்குவது. எந்தப் பாலானாலும் அடுத்த கட்டப் பரிசோதனை ஒன்றுதான்.

சிறிய தலை என்று அவசரப்படுவது

பெண் கருவின் தலைச்சுற்றளவு சராசரியில் சில மி.மீ. குறைவு. பெரும்பாலான அட்டவணைகளோ இரு பாலுக்கும் பொது. சராசரிக்குக் கீழே −2 எஸ்.டி. (திட்டவிலக்கம்) வந்தவுடன் மைக்ரோசெஃபலி (சிறுதலை) என்று எழுதாமல், முதலில் சி.ஆர்.எல். (கருவின் உச்சந்தலை முதல் புட்டம் வரை நீளம்) கொண்டு கணித்த வாரத்தைச் சரிபாருங்கள்; பிறகு பெற்றோரின் தலை அளவு; பிறகு இடைவெளி விட்டு மறு ஸ்கேன். −3க்குக் கீழே போனால்தான் அந்தச் சொல்.

பி.பி.டி. அட்டவணை

பி.பி.டி. என்பது தலையின் குறுக்கு அகலம். அதை அளக்க ஹாட்லாக் அட்டவணைக்கு வெளி–உள் விளிம்பு, இன்டர்குரோத்-21 அட்டவணைக்கு வெளி–வெளி. கலக்காதீர்கள்.

தலையை வைத்துப் பாலை ஊகிப்பது

இரு பாலின் அளவுகளும் பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, ஊகம் நிற்காது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லாலும் சைகையாலும் கருவின் பாலைத் தெரிவிப்பது குற்றம். "கொஞ்சம் பெரிய தலை" என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் அந்தக் கணக்கில் சேரலாம்.