ஹாஃப்-லைஃப் கேம்களை எந்த வரிசையில் விளையாடுவது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாஃப்-லைஃப் என்ற துப்பாக்கி விளையாட்டுத் தொடருக்குள் இப்போதுதான் நுழைகிறீர்கள் என்றால் முதல் குழப்பமே வரிசைதான். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பெயரைத் தேடினால் ஹாஃப்-லைஃப், ஹாஃப்-லைஃப் 2, ஆப்போசிங் ஃபோர்ஸ், ப்ளூ ஷிஃப்ட், அலிக்ஸ், பிளாக் மேசா என்று வரிசையாக வந்து நிற்கும். 2020-இல் வந்த 'அலிக்ஸ்' கதைப்படி 2004-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால் நடக்கிறது. அதனால் முதல் பாகம் முடிந்ததும் அலிக்ஸ், அதற்கப்புறம் இரண்டாம் பாகம் என்று போகலாமே என்று தோன்றும். போகாதீர்கள்.

கதை நடக்கும் காலவரிசையை விட்டுவிட்டு, கேம்கள் வெளிவந்த வரிசையிலேயே விளையாடுங்கள்:

1. ஹாஃப்-லைஃப் (1998)
2. ஆப்போசிங் ஃபோர்ஸ் (1999), ப்ளூ ஷிஃப்ட் (2001). விருப்பம் இருந்தால் மட்டும்
3. ஹாஃப்-லைஃப் 2 (2004)
4. எபிசோட் ஒன் (2006)
5. எபிசோட் டூ (2007)
6. ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் (2020)

காரணம், இந்தத் தொடர் கதை சொல்லும் விதம். நடுவில் கேமை நிறுத்திவிட்டுச் சினிமா மாதிரி ஒரு காட்சியை ஓட்டுவது இதில் கிடையாது. கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளரின் கண் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவருக்குத் தெரிந்ததுதான் உங்களுக்கும் தெரியும். ஆகவே எதை எப்போது தெரிந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் கதையின் பாதி இருக்கிறது. அலிக்ஸின் கடைசிக் காட்சி எபிசோட் டூவின் கடைசிக் காட்சியைத் தொடுகிறது. வரிசையை மாற்றினால் இரண்டுமே கெட்டுப்போகும். அந்த முடிவுகளை இங்கே நான் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தொடங்குவதற்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு கதையை மட்டும் சொல்கிறேன்.

படி 1: வாங்குவதும் தயார் செய்வதும்

செலவு குறைவுதான். 2024 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2-இன் இருபதாம் ஆண்டையொட்டி இந்தத் தொடரை உருவாக்கிய வால்வ் நிறுவனம் ஒரு பெரிய அப்டேட் கொடுத்தது. அதிலிருந்து இரண்டு எபிசோடுகளும், 'லாஸ்ட் கோஸ்ட்' என்ற சின்னத் துண்டும் அந்த ஒரே கேமுக்குள் அடங்கிவிட்டன. தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. முதல் பாகத்துக்கும் 2023 நவம்பரில் இதேபோல ஒரு அப்டேட் வந்தது. ஆக, முதல் பாகம் ஒன்று, இரண்டாம் பாகம் ஒன்று, இரண்டு வாங்கினால் பெரும்பகுதி கதை கையில். ஸ்டீமின் கோடை, குளிர்காலத் தள்ளுபடி வரை பொறுத்தால் இன்னும் மலிவு. 'ஹாஃப்-லைஃப்: சோர்ஸ்' என்று ஒரு பதிப்பு எங்காவது கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். முதல் பாகத்தை அரைகுறையாகப் புதிய எஞ்சினுக்கு (கேமை ஓட்டும் மென்பொருளுக்கு) மாற்றிய வடிவம் அது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலும் எபிசோட் டூ வரை எல்லாமே ஓடும். அலிக்ஸ் மட்டும் வேறு கதை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

விளையாட உட்காரும் முன் இரண்டு வேலை. முதல் பாகத்தின் மெனுவில் 'ஹசார்ட் கோர்ஸ்' என்ற பயிற்சிக் களம் இருக்கிறது. அதை ஒருமுறை முடித்துவிடுங்கள். குனிந்தபடி குதிப்பது (ஸ்பேஸ் பாரோடு கண்ட்ரோல்) அங்கேதான் பழகும். அது வராமல் பாதி இடங்களில் ஏறவே முடியாது. இரண்டாவது, எஃப்6 விசை. அழுத்தினால் அந்த நொடியே சேவ் ஆகும். ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் ஒரு தட்டுத் தட்டுங்கள். இரண்டாம் பாகத்துக்குப் போனதும் ஆடியோ அமைப்பில் வசன வரிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான பேச்சு பின்னால் எங்கோ ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும், காதில் விழாமல் போய்விடும்.

படி 2: ஹாஃப்-லைஃப்

நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் பிளாக் மேசா என்ற ஆராய்ச்சிக்கூடம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கார்டனுக்கு வயது 27. காலையில் டிராமில் ஏறி வேலைக்கு வருகிறார். அந்த டிராம் பயணம் சில நிமிடம் ஓடும். நீங்கள் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவசரப்படாமல் பாருங்கள், பின்னால் இடிந்து கிடக்கப்போகும் இடத்தை முழுசாகப் பார்க்கும் ஒரே சமயம் அதுதான். அப்புறம் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு, சோதனைக் கூடத்தில் ஒரு படிகத்தைக் கதிருக்குள் தள்ளுகிறீர்கள். சோதனை கைமீறிப் போகிறது. 'ஜென்' என்ற வேற்றுலகத்துக்கு வாசல் திறந்து, அங்கிருக்கும் ஜந்துக்கள் கட்டிடமெங்கும் வந்து விழுகின்றன. காப்பாற்ற வருவதாக எல்லோரும் நம்பும் ராணுவம், சாட்சி இல்லாமல் செய்வதற்காக விஞ்ஞானிகளையே சுடத் தொடங்குகிறது. கையில் ஒரு கடப்பாரையோடு தப்பி மேலே வர வேண்டும்.

இந்த கேமின் புத்தியைக் காட்ட 'பிளாஸ்ட் பிட்' என்ற ஒரு கட்டத்தைச் சொன்னால் போதும். ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் ஆழமான குழி. அதற்குள் மூன்று நீண்ட கழுத்துகள், முனையில் அலகு. கண் கிடையாது, சத்தத்தைக் கேட்டுக் கொத்தும். உங்கள் கண்ணெதிரே ஒரு விஞ்ஞானியைக் கண்ணாடி ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு போய்விடும். புதியவர்கள் இருக்கிற குண்டையெல்லாம் அதன்மேல் சுட்டுத் தீர்ப்பார்கள். அது சாகாது. செய்ய வேண்டியது இதுதான்: ஒரு கையெறி குண்டை எதிர்ப்பக்கம் வீசுங்கள். அவை அந்தச் சத்தத்தைக் கொத்தப் போகும். அந்த இடைவெளியில் குனிந்து மெதுவாக நகருங்கள். பக்கத்துச் சுரங்கங்களுக்குப் போய் எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம் மூன்றையும் திறந்துவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி எஞ்சினைப் பற்ற வையுங்கள். சுடுவதை விட யோசிப்பதற்கு மதிப்பு உண்டு என்பதை ஒரு துப்பாக்கி விளையாட்டு 1998-லேயே இவ்வளவு தெளிவாகக் காட்டியது. இந்தத் தொடர்மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததற்கு இதுவே காரணம்.

வழியெல்லாம் ஒரு கோட்டு சூட்டு மனிதர், கையில் பெட்டியோடு, எட்டாத இடத்தில் நின்று உங்களைப் பார்த்துவிட்டு மறைவார். ரசிகர்கள் அவரை ஜி-மேன் என்று அழைக்கிறார்கள். அவரை எங்கெல்லாம் பார்க்கிறீர்கள் என்று கவனித்து வாருங்கள். கடைசிப் பகுதியான ஜென் உலகத்தில் தாவல்கள் கடினம். இயல்பாகவே எல்லோரும் விழும் இடம் அது, எஃப்6 இருக்கிறது.

பழைய கிராஃபிக்ஸ் கண்ணை உறுத்துகிறது என்றால் 'பிளாக் மேசா' இருக்கிறது. ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து வால்வின் அனுமதியோடு முதல் பாகத்தைப் புதிதாகக் கட்டியது, 2020-இல் முழுமையானது. ஜென் பகுதியை அவர்கள் மிகப் பெரிதாக விரித்திருக்கிறார்கள், பார்க்கவே அவ்வளவு அழகு. இருந்தாலும் முதல்முறைக்கு அசலையே சொல்வேன். அதன் வேகமும் இறுக்கமும் தனி.

படி 3: கிளைக்கதைகள்

கியர்பாக்ஸ் நிறுவனம் செய்தவை. ஆப்போசிங் ஃபோர்ஸில் நீங்கள் ஏட்ரியன் ஷெப்பர்ட், அதே ராணுவத்தின் சிப்பாய். ப்ளூ ஷிஃப்டில் பார்னி கால்ஹூன் என்ற காவலாளி. அதே விபத்து, வேறு கண்கள். நேரம் குறைவாக இருந்தால் ப்ளூ ஷிஃப்டை மட்டும் விளையாடுங்கள். ஓரிரு மாலையில் முடிந்துவிடும், பார்னி அடுத்த பாகத்திலும் வருகிறார்.

படி 4: ஹாஃப்-லைஃப் 2

முதல் பாகத்தின் முடிவில் ஜி-மேன் கார்டனைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அவரே எழுப்பி ஒரு ரயிலில் விடுகிறார். இறங்கும் இடம் சிட்டி 17, கிழக்கு ஐரோப்பிய நகரம். அதன் கட்டிடங்களையும் தெருக்களையும் வடிவமைத்த கலை இயக்குநர் விக்டர் அன்டோனோவ் பல்கேரியாவின் சோஃபியாவில் பிறந்தவர். அதனால்தான் அந்த ஊர் அத்தனை நிஜமாக இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் கம்பைன் என்ற பேரரசு பூமியை ஏழே மணி நேரத்தில் வென்றுவிட்டது. சரணடையப் பேசி முடித்தவர் பிளாக் மேசாவின் பழைய நிர்வாகி வாலஸ் பிரீன். இப்போது அவர்தான் ஆள்கிறார்.

ஆனால் இதை யாரும் உங்களை உட்காரவைத்துச் சொல்லமாட்டார்கள். அந்த ரயில் நிலையத்தில் ஓடாதீர்கள். பெரிய திரையில் பிரீன் ஒரு குடிமகனின் கடிதத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். மனிதர்கள் பிள்ளை பெறுவதையே ஒரு தடுப்புப் புலம் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அந்தப் பேச்சில்தான் தெரியவரும். அப்புறம் நகரத்தில் சுற்றும்போது ஒரு விளையாட்டுத் திடல் வரும். குழந்தை ஒன்றுகூட இருக்காது. நிலையத்திலேயே ஒருவர், இங்கே தண்ணீரைக் குடிக்காதே, எல்லாம் மறந்துபோகும் என்று முணுமுணுப்பார். கம்பி வேலிக்குப் பின்னால் கழுத்தில் பட்டையோடு ஒரு வேற்றுலக உயிர் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும். முதல் பாகத்தில் நீங்கள் கண்ட இடத்தில் சுட்ட வார்டிகான்ட் இனம்தான் அது. அப்போதும் அதன் கழுத்தில் அதே பட்டை இருந்தது, அப்போதும் அவை அடிமைகளே. பின்னால் இந்த இனம் உங்களைத் தோழனாக வரவேற்கும்போது மனம் கனக்கும். முதல் பாகத்தை விட்டுவிட்டு வந்தவருக்கு இந்தக் கனம் கிடைக்காது.

அடுத்து ஒரு போலீஸ்காரன் வேண்டுமென்றே ஒரு டின்னைத் தட்டிவிட்டு எடுத்துக் குப்பையில் போடச் சொல்வான். எடுத்துப் போடலாம், அவன் முகத்திலேயே எறியவும் செய்யலாம். எறிந்தால் அடி விழும். எதுவானாலும், பொருள்களைத் தூக்கவும் எறியவும் அந்த ஒரு நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள், கூடவே இது எப்படிப்பட்ட ஊர் என்பதையும்.

நடுவில் அலிக்ஸ் வான்ஸ் உங்களிடம் கிராவிட்டி கன் தருவாள். வலது பொத்தானில் பொருளை இழுக்கும், இடதில் எறியும். அவளுடைய அப்பா ஈலை வான்ஸின் ஆய்வகத்தில் ஒட்டியிருக்கும் செய்தித்தாள் துண்டுகளையும் குடும்பப் படத்தையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அங்கிருப்பவர்கள் பேசுவார்கள். அடுத்த ஊரான ரேவன்ஹோமில் குண்டுகளை மிச்சம் பிடியுங்கள். அங்கே கிடக்கும் வட்ட ரம்பத் தகடுகளை கிராவிட்டி கன்னால் எறிந்தால் அதுவே போதும். கடற்கரையில் மணலில் கால் வைத்தால் பூச்சிகள் கிளம்பும். பலகைகளைப் போட்டு அதன்மேல் தாண்டிப் போங்கள்.

படி 5: இரண்டு எபிசோடுகள்

இரண்டாம் பாகம் முடியும் இடத்திலேயே எபிசோட் ஒன் தொடங்குகிறது. வெடிக்கப்போகும் நகரத்தை விட்டு அலிக்ஸோடு வெளியேற வேண்டும். இருட்டில் டார்ச்சை எதிரிமேல் அடியுங்கள், அவள் சுட்டுவிடுவாள். டார்ச் மின்சாரம் தீரும், அணைத்து அணைத்துப் பயன்படுத்துங்கள்.

எபிசோட் டூ காட்டுக்கும் மலைக்கும் போகிறது. தொடரில் மிகச் சிறந்த வேகம் இதற்குத்தான். ஹன்டர் என்ற மூன்று கால் எதிரிகளைச் சுட்டுக்கொண்டே இருக்காமல், மரக்கட்டையை கிராவிட்டி கன்னால் எறியுங்கள். கடைசிப் போரில் ஸ்ட்ரைடர் என்ற உயரமான எதிரிகள்மேல் ஒரு வெடியை ஒட்டவைத்துச் சுட வேண்டும். ஹன்டர்கள் அந்த வெடியை வழியிலேயே சுட்டு வீழ்த்திவிடுவார்கள். முதலில் ஹன்டர், பிறகு ஸ்ட்ரைடர்.

முடிந்ததும் அதிர்ச்சியாக இருக்கும். அடுத்த எபிசோட் வரவே இல்லை. 2007-இல் இதை முடித்தவர்கள் அந்தக் காட்சியோடு பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். நீங்கள் ஒரு வாரமாவது இடைவெளி விட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

படி 6: அலிக்ஸ்

இது தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டில் மட்டுமே ஓடும். குறைந்தபட்சம் 12 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஹெட்செட் இல்லாதவர்கள் யாரும் குறுக்கே பேசாத முழு விளையாட்டுக் காணொளி ஒன்றைத் தேடிப் பாருங்கள். தாக்கம் குறையும், கதை குறையாது. நண்பர் யாரிடமாவது ஹெட்செட் இருந்தால் 'ஜெஃப்' என்ற கட்டத்தையாவது கேட்டு வாங்கி விளையாடுங்கள். அங்கேயும் கண்ணில்லாமல் காதால் வேட்டையாடும் ஒரு ஜந்து. இந்த முறை இருமல் வராமல் உங்கள் கையாலேயே உங்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். பிளாஸ்ட் பிட்டைத் தாண்டி வந்தவருக்கு இது இரட்டிப்பாக இனிக்கும்.

பார்ப்பவரானாலும் விளையாடுபவரானாலும், முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருக்கிறது.