ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலில் பிரிட்டிஷ் பேரரசைத் தேடிப் படிப்பது எப்படி?

நாவல் நடப்பது 1904 ஜூன் 16, டப்ளினில். அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆரம்பிக்க இது போதும். புத்தகம் புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசம். உரைநூல்களை மட்டும் இப்போது தொடாதீர்கள், வரிக்கு வரி இழுத்துப் பிடித்து நிறுத்திவிடும்.

1) முதல் அத்தியாயத்தில் பால்காரக் கிழவி வரும் இடம். ஹெயின்ஸ் என்ற ஆங்கிலேயன் அவளிடம் ஐரிஷில் பேச, அவளோ அது பிரெஞ்சா என்கிறாள். கொஞ்சம் தள்ளி, நாவலின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவனான ஐரிஷ் இளைஞன் ஸ்டீபன் தனக்கு இரண்டு எஜமானர்கள் என்கிறான்: பிரிட்டிஷ் அரசு, ரோமானியத் திருச்சபை. ஹெயின்ஸ் பழியை வரலாற்றின் தலையில் போட்டு நழுவுகிறான். அந்த இரண்டாவது எஜமானரை மறக்க வேண்டாம்.

2) பத்தாவதின் கடைசிப் பகுதி: அயர்லாந்தில் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியான வைஸ்ராயின் ஊர்வலம். ஊரே பார்த்து நிற்க, டப்ளினின் பாடில் ஆறு தன் பங்கு மரியாதையாகச் சாக்கடை நாக்கை நீட்டுகிறது.

3) பன்னிரண்டாவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். பார்னி கியர்னன் மதுக்கடை, பெயர் தெரியாத ஒருவன் வம்பளக்கிறான், நடுநடுவே திடீரென்று காவிய நடை, செய்தித்தாள் நடை என்று பக்கம் பக்கமாக நையாண்டி. குரல் எங்கே திடீரென்று வீங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, முதலில் கடைப்பேச்சை மட்டும் படியுங்கள். ஐரிஷ் வானொலி 1982இல் செய்த முழு ஒலிப்பதிவு கிடைத்தால் இந்த அத்தியாயத்தைக் காதால் கேட்பதே மேல்.

சிட்டிசன் (குடிமகன்) என்ற பட்டப்பெயர் கொண்ட ஐரிஷ் தேசியவாதி அங்கே பேசுவதில் உண்மை நிறைய இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் கசையடியைக் கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தின் பாணியிலேயே கிழிக்கிறான். பெல்ஜிய மன்னரின் பிடியிலிருந்த காங்கோவில் ரப்பருக்காக நடந்த கொடுமையும், அதைப் பற்றி கேஸ்மென்ட் என்ற ஐரிஷ்காரர் எழுதிய அறிக்கையும் பேச்சில் வருகின்றன. சரி, ஜாய்ஸின் குரல் இவன்தான் என்று நாம் நினைக்கும்போதே அவன் ப்ளூமின் பக்கம் திரும்புகிறான். நாவலின் நாயகனான ப்ளூம் யூத வம்சத்தவன், உன் தேசம் எது என்று கேட்டால் அயர்லாந்து, இங்கேதான் பிறந்தேன் என்பவன். கடைசியில் சிட்டிசன் எறியும் பிஸ்கட் டின் ப்ளூமை நோக்கிப் பறக்கிறது. பேரரசு மீதான நியாயமான குற்றச்சாட்டை ஒரு முரடன் வாயில் வைத்ததுதான் ஜாய்ஸின் குசும்பு.

பிற்சேர்க்கை: இவ்வளவு எழுதியவர் ஏன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விடவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 1916இல் பிரிட்டிஷ் அரசிடம் 100 பவுண்டு உதவித்தொகைகூட வாங்கினார்! ஆனால் சூரிச்சில் தன்னோடு வழக்காடிய பிரிட்டிஷ் தூதரக ஊழியர் ஹென்றி கார் என்பவரின் பெயரை, பதினைந்தாவதில் ஸ்டீபனை அடிக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வைத்துவிட்டார். அடி விழுவதற்கு முன் ஸ்டீபன் நெற்றியைத் தட்டி, பாதிரியையும் மன்னனையும் கொல்ல வேண்டியது இங்கேதான் என்கிறான். அத்தியாயம் ரொம்ப நீளம், இப்போதைக்கு அந்தத் தெருச்சண்டையை மட்டும் படியுங்கள்.