தாத்தா காலத்துக் கதை எழுதுறீங்களா? அந்த அம்பது பைசாவ மொதல்ல எடுங்க

புள்ளைங்களுக்காக ஒரு கதை எழுதுனேன். 1948, மதுரைப் பக்கம் ஒரு புஞ்சைக்காட்டு கிராமம், பேரன் திருவிழாவுக்குக் கெளம்புறான், தாத்தா வேட்டி மடியில இருந்து அம்பது பைசா எடுத்து அவன் கையில வச்சு அழுத்துறாரு. எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு. எண்பத்தஞ்சு வயசு பெரியம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனா அவங்க சிரிக்குறாங்க. "அப்ப ஏதுடா அம்பது பைசா? எட்டணான்னு சொல்லு. அந்த எட்டணாவத்தான் எந்தத் தாத்தா புள்ள கையில குடுத்தாரு, எங்கய்யா ஓட்டக் காலணா குடுக்கவே நாலு தடவ மடியத் தடவுவாரு"ன்னாங்க. அந்த நாலு தடவ தடவுறதுதான்டா கதைன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

காசு விஷயத்துல முக்கால்வாசிப் பேர் சறுக்குறோம். 1957 ஏப்ரல் 1க்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. பைசான்னு ஒண்ணு இருந்துச்சுதான், ஆனா ரூபாய்க்கு 64, அதத்தான் காலணான்னாங்க. 1943ல இருந்து 47 வரைக்கும் அடிச்ச காலணாவுக்கு நடுவுல ஓட்டை இருக்கும், கயித்துல கோத்துக்கூட வச்சுக்கலாம், புள்ளைங்க கதைக்கு இதவிட நல்ல சாமான் வேணுமா? ரூபாய்க்கு நூறுன்னு நயா பைசா வந்தப்புறமும் ஜனங்க வாயில அணா போகல, 25 பைசா நாலணாதான், 50 பைசா எட்டணாதான். அதனால 1960ல நடக்குற கதையிலயும் கிழவி அணாக் கணக்குதான் பேசும்.

அளவையும் இப்படித்தான். கிலோ, லிட்டர்லாம் அதுக்கும் அப்புறம் வந்தது. அதுவரைக்கும் தானியத்துக்குப் படி, மரக்கால், புளி வெல்லத்துக்கு வீசை. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஊருக்கு ஊர் படியோட அளவே மாறும், அதனால கதைக்கு நடுவுல நின்னு "ஒரு படின்னா இத்தன கிலோ"ன்னு பாடம் எடுக்காதீங்க, வாசிக்குற புள்ள தூங்கிரும். கூலி நெல்லத் தலை தட்டி அளக்குறாங்களா குமிச்சு அளக்குறாங்களான்னு ஒரு வரி போடுங்க, அந்த வீட்டுக்காரங்க மனசு எப்படின்னு புள்ள தானா புரிஞ்சுக்கும்.

சாப்பாட்டுல, காலையில இட்லி மத்தியானம் சோறுன்னு தாராளமா எழுதிருவாங்க. மானாவாரி ஊர்கள்ல கம்பங்கூழு, கேப்பைக்களி, சோளச்சோறுதான். பல வீட்ல நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு, இட்லி தீபாவளிக்கு. அதுலயும் 1942ல ஜப்பான்காரன் பர்மாவப் புடிச்சதுல ரங்கூன் அரிசி நின்னு போச்சு, யுத்த கால ரேஷன் வந்துச்சு. அந்த வருஷத்துல கதை வச்சுட்டு வீட்ல வடை பாயாசம்னு எழுதுனா எப்படி?

சின்னச் சின்னதுகள வேகமா சொல்லிடுறேன். பிளாஸ்டிக் குடம் வேணாம், மண்குடமோ பித்தளையோ. 1945ல போஸ்ட் கார்டுல "திண்டுக்கல் மாவட்டம்"னு எழுதாதீங்க, அது 1985ல தான் பிரிஞ்சது, அன்னிக்கு மதுரை ஜில்லா. மாநிலத்துக்கே தமிழ்நாடுன்னு பேர் சட்டப்படி வந்தது 1969ல தான். கிராமத்துப் பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாடு போடுறதா எழுதணும்னா கதைய காமராஜர் திட்டம் வந்த 1956க்கு இந்தப் பக்கம் தள்ளி வைங்க.

இதெல்லாம் தேடுனா கெடைச்சுரும். என்னை ரொம்ப உறுத்துறது வேற. பாசத்த வாயால சொல்ல வைக்கிறது. அந்தக்கால அப்பா மகனக் கட்டிப்புடிச்சு "உன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்குப்பா"ன்னு சொல்றாரு, அம்மா "ஸாரிடா தங்கம்"ங்குது, இதெல்லாம் டிவி சீரியல். எங்க பெரியம்மாவோட ஐயா பேசவே மாட்டாராம், சந்தையில இருந்து வரும்போது துண்டு முனையில கொஞ்சம் பொரிகடலை முடிஞ்சு கொண்டாந்து தூண்ல தொங்க விட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாரு. யாருக்குன்னும் சொல்ல மாட்டாரு. அந்தத் துண்ட யாரு மொதல்ல அவுக்குறதுன்னு அஞ்சு புள்ளைங்களுக்குள்ள நடக்குற சண்டைய எழுதுனாலே போதும், பாசம்ங்கிற வார்த்தையே தேவப்படாது.

அடுத்தது, ஊரே ஒத்துமையா ஒரே குடும்பமா இருந்துச்சுன்னு எழுதுறது. இருக்கல. தீப்பெட்டிய மிச்சம் புடிக்க பக்கத்து வீட்ல போயி வரட்டியில கங்கு வாங்கிட்டு வர்ற பழக்கம் உண்டு, காத்துல அணையாம கைய மறைச்சுக்கிட்டே புள்ள ஓடிவரும், அழகான காட்சிதான். ஆனா எந்த வீட்ல அடுப்படி வரைக்கும் போகலாம், எந்த வீட்ல வாசல்லயே நிக்கணும், எந்தத் தெருவுக்குப் போகவே கூடாதுங்கிறது அந்த ஏழு வயசுப் புள்ளைக்கே அத்துபடி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள எல்லாரும் போக முடிஞ்சதே 1939ல தான். புள்ளைங்க கதைல இதெல்லாம் எதுக்குன்னு கேப்பாங்க. பிரசங்கம் வேணாம்ங்க, கங்கு வாங்கப் போன புள்ள ஒரு வாசல்ல தயங்கி நிக்குறத மறைக்காம எழுதுனா சரி.

பொறந்தநாள் சீன் வைக்கிறவங்களும் உண்டு. தேதியே தெரியாத வீடுகள்ல ஏதுங்க பொறந்தநாள்? வலது கைய தலைக்கு மேல சுத்தி இடது காதத் தொட்டா பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க, தேதிய வாத்தியாரே ஒண்ணு போட்டுக்குவாரு. பெரியம்மா கம்பு அறுப்பு சமயத்துல பொறந்தாங்க, ஆனா அவங்க ஆதார் கார்டுல இன்னிக்கும் வாத்தியார் போட்ட ஜூன் மாசம்தான்.

கதைய மாத்தி எழுதி, காலணா போட்டு, மடியத் தடவுறத நாலு வரிக்கு இழுத்து, மறுபடி வாசிச்சுக் காட்டுனேன். இந்தத் தடவ பெரியம்மா சிரிக்கல. "சரி, அந்தக் காலணாவுக்கு பய என்ன வாங்கித் தின்னான்?"னு கேட்டாங்க. அத நான் எழுதவே இல்ல.