வெளிமாநிலத்தில் வழக்கு, வீடு கொங்கு நாட்டில்: டிரான்சிட் முன்ஜாமீன் வாங்குவது எப்படி?

திருச்செங்கோட்டு ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போடுகிறது. திருப்பூர் பனியன் சரக்கு டெல்லிக்குப் போகிறது. சங்ககிரி லாரி அஸ்ஸாம் வரைக்கும் ஓடுகிறது. தொழில் இப்படி ஊர் தாண்டி நடந்தால் தகராறும் ஊர் தாண்டித்தான் வரும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்று அங்கே ஒருவர் புகார் கொடுப்பார், அங்குள்ள காவல் நிலையத்தில் வழக்கு பதிவாகும். அப்புறம் இங்கே ஒரு போன் வரும். "ஏனுங்க, வந்து கூட்டீட்டுப் போயிருவாங்களா?" என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

கைதாவதற்கு முன்பே வாங்குவது முன்ஜாமீன். வழக்கு எங்கே பதிவானதோ அந்தப் பகுதி நீதிமன்றம்தான் அதைத் தரவேண்டும். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் பிடித்துவிட்டால்? அந்த இடைவெளிக்கு மட்டும் நம் ஊர் நீதிமன்றம் தரும் தற்காலிகப் பாதுகாப்பைத்தான் டிரான்சிட் முன்ஜாமீன் என்கிறோம். இந்தப் பெயரில் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. முன்ஜாமீன் பற்றிய பிரிவு பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 438, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482. வேறு மாநில வழக்குக்கும் இப்படிக் குறுகிய காலப் பாதுகாப்பு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 20 அன்று பிரியா இந்தோரியா வழக்கில் தெளிவாகச் சொன்னது. ராஜஸ்தானில் பதிவான வழக்குக்குப் பெங்களூரு நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்ததில் எழுந்த விவகாரம் அது.

முதலில் வழக்கு உண்மையா என்று பாருங்கள்

வாட்ஸ்அப்பில் வாரண்ட் அனுப்பி, வீடியோ காலில் மிரட்டி, பணம் கட்டச் சொன்னால் அது மோசடி. 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. போனை வைத்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்யுங்கள்.

உண்மையான வழக்கென்றால் எண், காவல் நிலையம், பிரிவு மூன்றும் இருக்கும். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த மாநிலக் காவல்துறை இணையதளத்தில் தேடி நகலை எடுங்கள்.

பிரிவைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். செக் திரும்பிய வழக்கு ஜாமீனில் விடக்கூடியது, அதற்கு முன்ஜாமீன் வேண்டியதில்லை. மோசடி, அதாவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4), ஜாமீனை உரிமையாகக் கேட்கமுடியாத குற்றம், நீதிமன்றம் பார்த்துத்தான் தரும். அதிகபட்சம் 7 ஆண்டு தண்டனை. 7 ஆண்டு வரையிலான குற்றங்களில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தருவதுதான் முறை. அந்த நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். அதன்படி நடப்பவரைக் கைது செய்யவேண்டுமானால் போலீஸ் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் பிரிவு 18 முன்ஜாமீனைத் தடுக்கிறது. அதை வழக்கறிஞரிடம் தனியாகப் பேசுங்கள்.

வழக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு மாவட்டத்தில் என்றால் டிரான்சிட் தேவையே இல்லை. மாநிலம் முழுவதற்கும் நம் உயர் நீதிமன்றமே போதும்.

எந்த நீதிமன்றம்?

மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இதில் அதிகாரம் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்கு உயர் நீதிமன்றம் என்றால் சென்னை. கரூர்க்காரர்களுக்கும், திண்டுக்கல் மாவட்டத்தில் வரும் பழனி, ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கும் மதுரைக் கிளை. அவசரத்தில் இது மறந்துபோகும்.

நீங்கள் இங்கே குடியிருக்கவேண்டும், அல்லது தொழிலோ வேலையோ இங்கே இருக்கவேண்டும். ஜாமீனுக்காக மட்டும் வேறு ஊருக்குப் போய் மனுப்போடுவதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே ஆதார், குடும்ப அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு, வண்டியின் ஆர்.சி. எல்லாம் எடுத்துவையுங்கள்.

மனுவின் உயிர்நாடி

இங்கேதான் பல மனுக்கள் விழுகின்றன. "நான் நிரபராதி" என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டு, ஏன் நேராக அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போகமுடியவில்லை என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நீதிபதி தேடுவது அந்த ஒரு வரியைத்தான். அங்கே போனால் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து, சுதந்திரம் அநியாயமாகப் பறிபோகும் என்ற நியாயமான பயம், உடல்நிலை அல்லது மாற்றுத்திறன் இவைதான் பிரியா இந்தோரியா தீர்ப்பு சொல்லும் காரணங்கள். "ரொம்பத் தூரமுங்க" என்றால் நிற்காது. மிரட்டல் வந்த போன் எண், தேதி, குறுஞ்செய்தி, மருத்துவமனைச் சீட்டு என்று கையில் இருப்பதைக் காட்டுங்கள்.

கூடவே தேதிவாரியாக ஒரு தாள் எழுதிக்கொடுங்கள். ஆர்டர் வந்த நாள், முன்பணம் ஏறிய நாள், சரக்கு ஏற்றிய நாள், லாரி ரசீது எண், தகராறு தொடங்கிய நாள். நான் முதலில் கேட்பதே இந்தத் தாளைத்தான். இது பணத் தகராறா, மோசடியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பில், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமானதையும்தான். முதல் தகவல் அறிக்கை இந்தியிலோ குஜராத்தியிலோ இருந்தால் மொழிபெயர்ப்பு இணைக்கவேண்டும். எத்தனை நாள் பாதுகாப்பு வேண்டும், ஏன் என்பதையும் மனுவில் எழுதிக் கேளுங்கள்.

விசாரணை நாளில்

முதல் விசாரணையிலேயே அந்த ஊர் விசாரணை அதிகாரிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் நோட்டீஸ் போகவேண்டும். நிலைமை அவசரமென்றால் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தரலாம், காரணத்தை உத்தரவில் எழுதவேண்டும்.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டால்? வீட்டார் பதறவேண்டாம். கைது செய்த தகவலை உறவினருக்குச் சொல்லியாகவேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும், இது அரசியல் சட்டம் 22-ஆம் பிரிவு. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக இங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் டிரான்சிட் ரிமாண்ட், அதாவது காவலில் கொண்டுபோகும் அனுமதி, கேட்பார்கள், அங்கே உங்கள் வழக்கறிஞர் நிற்கவேண்டும். வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.

உத்தரவு கிடைத்த பிறகு

இங்கேதான் நிம்மதியில் தவறு நடக்கிறது. "ஜாமீன் கிடைச்சிருச்சுங்க" என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். உத்தரவில் சொன்ன நாள் முடிந்ததும் பாதுகாப்பும் முடிந்துபோகும், வழக்கு அப்படியே இருக்கும். ஜாமீன்தாரரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி, ஒன்றை விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, அனுப்பிய சான்றை வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகளிடமோ புகார் கொடுத்தவரிடமோ சமாதானம் பேசுவதாகப் போய் மிரட்டல் புகார் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மனு இங்கே நடக்கும்போதே அந்த ஊரில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அவர் உங்களுக்காக ஆஜராக அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, தேதித் தாளையும் ஆவண நகல்களையும் அனுப்பிவிடுங்கள். இங்கே உத்தரவு வந்த இரண்டொரு நாளில் அங்கே அதே 482-ஆம் பிரிவில் முழு முன்ஜாமீன் மனு தாக்கலாகிவிடவேண்டும். கடைசி நாள் ஞாயிறாகவோ நீதிமன்ற விடுமுறையாகவோ இருக்கிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள். கிளம்பும்போது உத்தரவின் ஒரு நகல் உங்கள் பையில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில்.