கூட்டல் குறியில் நின்றுபோன ஆர்டர்

எங்கள் பனியன் கம்பெனியின் ஆர்டர் நடைமுறை டிரா.ஐஓ என்ற செயலியில் பிபிஎம்என் (வேலை நகரும் வழியைக் குறிகளால் வரையும் முறை) படமாக ஏற்கெனவே இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையே, இத்தகைய படத்தை நிஜமாகவே இயக்கும் மென்பொருளான கமுண்டா 7-க்கு மாற்றி ஓட்டியபோது, துணி ஸ்டாக் பார்த்த பிறகு ஆர்டர் அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

காரணம் கேட்வே, அதாவது வழிகள் பிரியும், சேரும் இடங்களில் வரும் சாய்சதுரக் குறி. 'ஸ்டாக் இருக்கிறதா?' என்ற இடத்தில் பெருக்கல் குறி போட்ட சாய்சதுரம். அது ஒரு வழியை மட்டும்தான் திறக்கும். ஆனால் வழிகள் மறுபடி சேரும் இடத்தில் கூட்டல் குறி இருந்தது. அது இரண்டு பக்கமிருந்தும் டோக்கன் (வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதன் அடையாளம்) வரும்வரை காத்திருக்கும். வருவதே ஒன்றுதான் என்றால் எப்படி நகரும்? சேரும் இடத்திலும் பெருக்கல் குறியாக மாற்றினேன், ஓடியது.

லேப் டெஸ்ட், பையரின் சாம்பிள் ஒப்புதல் விஷயம் வேறு. சில ஆர்டருக்கு ஒன்று போதும், சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். அங்கே பிரியும்போதும் சேரும்போதும் வட்டம் போட்ட கேட்வேதான் சரி.

டிரா.ஐஓ இதையெல்லாம் சோதிக்காது, அது வரைவதற்கான கருவி. அப்புறம், பிபிஎம்என்.ஐஓ குழுவின் டோக்கன் சிமுலேஷன் என்ற ஓட்டிப் பார்க்கும் கருவி இலவசம். டோக்கனைக் காட்டும் புள்ளி எங்கே நிற்கிறது என்று பிரவுசரிலேயே தெரிந்துவிடும். எந்தப் படத்தையும் இப்போது முதலில் அதில்தான் ஓட்டுகிறேன்.